நீர்மோர்ப் பந்தலுக்கு எந்த டம்ளர்? எதிர்சேவைக்கு மூன்று மாதம் இருக்கிறது, யோசனை சொல்லுங்கள்

தல்லாகுளத்துப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் தெருவில், ஊருக்குள் வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று நீர்மோர்ப் பந்தல் போடுவது பல வருடத்து வழக்கம். இந்தச் சித்திரைக்கு அந்தப் பொறுப்பு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. மோர், பானகம், கூடவே புளியோதரை. எப்படியும் நாலாயிரம் பேருக்குக் குறையாது. எதில் ஊற்றிக் கொடுப்பது என்பதில்தான் எனக்குக் குழப்பம்.

இந்தக் குழப்பம் எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் படித்தேன். அங்கே ‘கீப் ஸ்காட்லாந்து பியூட்டிஃபுல்’ என்று ஒரு தொண்டு அமைப்பு இருக்கிறது, நாடு முழுக்கச் செயல்படுவது. வசந்த காலத்தில் ஊர் ஊராக ஆட்களைச் சேர்த்துக் குப்பை எடுப்பார்கள். நானும் ஒரு சனிக்கிழமை நீளமான இடுக்கியும் சாக்குமாக கெல்வின் ஆற்றங்கரைக்குப் போனேன். குப்பை எடுக்கிற சங்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால், பருவநிலை மாற்றம் பற்றிப் பயிற்சி கொடுப்பதும் அதே அமைப்பு. 2008 முதல் அங்கத்திய அரசு பருவநிலைக்காக ஊர்ச் சங்கங்களுக்குக் கொடுத்த நிதியைப் பிரித்து நடத்தியதும் அவர்கள்தான். பள்ளிகளில் நடக்கிற ‘ஈகோ ஸ்கூல்ஸ்’ திட்டமும் அவர்களுடையது. தெருவில் கிடக்கும் சிப்ஸ் கவருக்கும் உலகம் சூடாவதற்கும் என்ன சம்பந்தம், இரண்டையும் ஏன் ஒரே கூரைக்குக் கீழ் வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

போன பங்குனியில் ஊருக்குத் திரும்பினேன். அடுத்த மாதமே சித்திரை. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று மதியம் ஆற்றுக்குள் நடந்து போனேன். மணல் தெரியவில்லை. பேப்பர் கப், தண்ணீர் பாக்கெட், தெர்மாகோல் தட்டு என்று கால் வைக்கிற இடமெல்லாம் நொறுங்கியது. அதில் எங்கள் தெருப் பந்தலின் கப்பும் கிடந்தது. நாங்கள் வாங்கியது ஊதாப் பூப் போட்டது, அதனால் அடையாளம் தெரிந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2025-ல் வந்த மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில், பத்து லட்சத்துக்கு மேல் ஜனங்கள் வாழும் 40 நகரங்களில் மதுரைக்குக் கடைசி இடம். அதைப் படித்தபோதும் அந்த ஊதாப் பூதான் என் கண்ணில் வந்து நின்றது. சொல்லுங்கள், எந்த டம்ளர்?

மண்டகப்படி

தங்கச்சி, நான் முப்பத்தோரு வருடமாகப் பந்தல் போடுகிறவன். உன் மனசு புரிகிறது. ஆனால் களத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சாமி கண்ணில் பட்டதும் ஜனம் கட்டுக்கு அடங்காது. வெயிலில் நாக்கு வறண்டு வருகிறவனுக்குக் கையில் ஒரு கப் வேண்டும், வாங்கிக் கொண்டு நகர வேண்டும். டம்ளரைத் திருப்பித் தா என்று அந்தக் கூட்டத்தில் யாரைப் பிடித்துக் கேட்பாய்?

பழைய காலத்தில் அண்டாவும் செம்பும்தான். மொண்டு ஊற்றுவோம், கையைக் குவித்துக் குடிப்பார்கள். அப்புறம் எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்டிக் டம்ளர், கடைசியில் பேப்பர் கப். ஒவ்வொன்றும் சுலபமாக இருந்ததால்தான் வந்தது. கொரோனாவுக்குப் பிறகு இன்னொருவர் வாய் வைத்த டம்ளரை வாங்கவே பாதிப் பேர் தயங்குகிறார்கள். பேப்பர் தானே, மக்கிப் போகும். அதற்கு மேல் என்ன செய்ய?

வேதியியல் மாணவி

ஐயா, பேப்பர் கப் வெறும் பேப்பர் கிடையாது. வெறும் காகிதத்தில் மோர் ஊற்றினால் இரண்டு நிமிடத்தில் ஊறிவிடும். உள்பக்கம் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால்தான் நிற்கிறது. அந்தப் பூச்சு காகிதத்தோடு ஒட்டிக் கிடப்பதால் மக்கவும் மக்காது, பழைய பேப்பர்க்காரரும் எடுக்க மாட்டார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் உண்டு. தண்ணீர் பாக்கெட்டும் தெர்மாகோல் தட்டும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஏழு வருடம் ஆகிவிட்டது. பந்தல் போடுகிற பலருக்கு இது தெரியாது. அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, யாரும் வந்து சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அக்கா கேட்ட இன்னொரு கேள்வி, குப்பைக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது. பிளாஸ்டிக் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. தோண்டி எடுக்க, சுத்திகரிக்க, உருக்க, கடைசியில் எரிக்க என்று ஒவ்வொரு கட்டத்திலும் கரியமில வாயு போகிறது. இது பாதிக் கதைதான். மீதிப் பாதி நாம் நல்ல குப்பை என்று நினைக்கிற வாழை இலையிலும் மிச்சச் சோற்றிலும் இருக்கிறது. காற்றுப் பட்டு மக்கினால் பிரச்சினை இல்லை, உரமாகும். குப்பை மலைக்குள் காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடந்தால் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்யும், மீத்தேன் வரும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இருபது வருடக் கணக்கில் 80 மடங்குக்குப் பக்கம். அதனால் மக்கும் பொருளா என்று கேட்டு நிறுத்திவிடாமல், எங்கே போய் மக்கும் என்றும் கேளுங்கள்.

தெற்குவாசல்

வேதியியல் தங்கச்சி சொன்னதை நான் மூக்கால் தெரிந்துகொண்டவன். கல்யாணம் ஆன புதிதில் எட்டு வருடம் குப்பைக் கிடங்கு இருக்கிற பக்கம் வாடகைக்கு இருந்தோம். பங்குனி, சித்திரையில் குப்பை தானாகப் பற்றிக்கொள்ளும். யாரோ தீ வைத்தார்கள் என்பார்கள். சில சமயம் அப்படியும் இருக்கலாம். ஆனால் அடியில் வாயு சேர்ந்து, மேலே வெயில் காய்ந்தால், ஒரு பீடித் துண்டு போதும். மேலே தண்ணீர் அடிப்பார்கள், உள்ளே நாலைந்து நாள் புகைந்துகொண்டே இருக்கும். என் பெரிய பையனுக்கு இழுப்பு வந்தது அங்கேதான். ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டிப் படுத்த இரவுகள் எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்காது.

வீடு மாறிவிட்டோம். கிடங்கு அங்கேயேதான் இருக்கிறது, அதைச் சுற்றி இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பந்தலின் இலையும் கப்பும் ஒரே சாக்கில் கட்டிப் போனால் அவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் போகும்.

சோடாக்கலர்

எனக்கு இந்தத் தொண்டு அமைப்புகள் மேலேயே ஒரு சந்தேகம் உண்டு, திறந்து பேசிவிடுகிறேன். ஸ்காட்லாந்தைப் பற்றி எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் 1953-ல் ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ தொடங்கியது யார்? டப்பா செய்கிறவர்களும் பாட்டில் செய்கிறவர்களும் பானம் விற்கிறவர்களும் சேர்ந்து. அதே வருடம்தான் வெர்மான்ட் மாநிலம், திருப்பி நிரப்ப முடியாத பாட்டிலில் பீர் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தது. அந்தச் சட்டம் நாலு வருடத்தில் காலாவதியானது. அமைப்பு மட்டும் வளர்ந்தது. குப்பை போடுகிறவன்தான் குற்றவாளி என்று ஜனங்களுக்குப் பாடம் நடந்தது. குப்பையாகப் போகிற பொருளைச் செய்கிறவனை யாரும் கேட்கவில்லை.

என் அப்பா சோடாக் கம்பெனி வைத்திருந்தார். கோலி சோடாவும் பன்னீர் சோடாவும் கலரும் போட்டோம். மரப்பெட்டிக்கு இருபத்துநாலு பாட்டில். கடைக்காரர் முன்பணம் கட்டித்தான் பெட்டி எடுப்பார். குடிக்கிறவர் கடை வாசலிலேயே நின்று குடித்துவிட்டுப் பாட்டிலை வைத்துவிட்டுப் போவார். பாட்டில் உடைந்தால் வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடக்கும். ஒரே பாட்டில் பத்து வருடம் ஓடும், கழுத்துப் பக்கம் தேய்ந்து கண்ணாடி பால் மாதிரி வெளுத்துவிடும். நான் சின்னப் பையனாக உட்கார்ந்து பிரஷ் போட்டுக் கழுவிய பாட்டில்கள் எத்தனை ஆயிரம் இருக்கும் என்று கணக்கில்லை. சொல்லுங்கள், வைகைக்குள் எங்கேயாவது கோலி சோடா பாட்டில் ஒதுங்கிக் கிடந்து பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கால ஜனங்களுக்கு மட்டும் தனி ஒழுக்கமா இருந்தது? அந்தப் பாட்டிலுக்கு ஒரு விலை இருந்தது, அவ்வளவுதான்.

பெரிய கம்பெனிகளின் பிளாஸ்டிக் பாட்டில் வந்ததும் எங்கள் கம்பெனியை மூடினோம். கழுவுகிற கூலி அவர்களுக்கு மிச்சம். அந்தச் செலவை இன்றைக்கு ஆறு கட்டுகிறது.

தல்லாகுளத்துப் பெண்

அண்ணே, நீங்கள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். நியாயமான கோபம். நான் அங்கே பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமை குப்பை எடுப்பதோடு நின்றிருந்தால் எனக்கும் அந்த அமைப்பு மேல் மரியாதை வந்திருக்காது. ஸ்காட்லாந்தில் 2014 அக்டோபர் 20 முதல் எந்தக் கடையில் பை வாங்கினாலும் குறைந்தது 5 பென்ஸ் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. முதல் வருடத்திலேயே பை வாங்குவது கிட்டத்தட்ட 80 சதவீதம் குறைந்தது. பிறகு அது 10 பென்ஸ் ஆனது. 2022 ஜூன் முதல் தெர்மாகோல் கப்பும் பிளாஸ்டிக் தட்டும் கரண்டியும் விற்கவே தடை. நான் போனபோது துணிப்பை எடுக்காமல் கடைக்குப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு. ஐந்து பென்ஸ் பெரிய காசு இல்லை. உங்கள் சோடாப் பாட்டில் மாதிரி, பைக்கு ஒரு விலை வந்துவிட்டது.

நம் பக்கமும் அந்த வழி தெரியாதது இல்லை. நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற ஏற்பாடு வந்தது. யானை நடக்கிற காட்டில் கண்ணாடிச் சில்லு என்று உயர் நீதிமன்றம் வரை போய் வந்த மாற்றம் அது.

இன்னொன்று. பிரிட்டனில் ‘கீப் பிரிட்டன் டைடி’ அமைப்பு எதிலிருந்து வந்தது தெரியுமா? 1954-ல் கிராமத்துப் பெண்கள் சங்கங்களின் கூட்டமைப்பு போட்ட ஒரு தீர்மானத்திலிருந்து. நம் அழகர்கோயில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மா, களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களில் பெண்களைச் சேர்த்துக் கந்துவட்டியை எதிர்த்து நின்றவர், 2019-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். அப்படிப்பட்ட பெண்கள் குழுக்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசினால் என்ன என்று என் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

செல்லூர்த் தறி

குப்பையும் வானிலையும் எங்கே சந்திக்கின்றன என்று எங்கள் தெருவில் வந்து கேளுங்கள். 2024 அக்டோபர் 25. காலையிலிருந்து மழை. மதியத்துக்கு மேல் கொட்டியதை மழை என்று சொல்ல முடியாது, மேலே யாரோ அண்டாவைக் கவிழ்த்த மாதிரி. ஒரு நாளில் பத்து சென்டிமீட்டருக்குப் பக்கம் என்று அப்புறம் செய்தியில் சொன்னார்கள், அதில் பெரும்பகுதி கொஞ்ச நேரத்தில் பெய்தது. செல்லூர்க் கண்மாய்த் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாகத்தான் வைகைக்குப் போக வேண்டும். வாய்க்கால் வழி விடவில்லை. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு. தறிக்குழிக்குள் தண்ணீர் இறங்கி, பாவு நூல் மொத்தமும் சகதி. இரண்டு மாத வேலை.

தண்ணீர் வடிந்த பிறகு சந்தில் ஒதுங்கியதை நான் கூடையில் அள்ளினேன். பாலிதீன் பைகள், சால்னாக் கவர், மெத்தைப் பஞ்சு, பிள்ளைகளின் டயபர், தெர்மாகோல். வாய்க்காலை அடைத்தது இவை மட்டும் என்று சொல்லமாட்டேன். மண்ணும் ஆகாயத்தாமரையும் ஆக்கிரமிப்பும் உண்டு. ஆனால் கம்பித் தடுப்பில் முதலில் போய் ஒட்டுவது கவர்தான். கவர் ஒட்டினால் அதில் இலை நிற்கும், இலை நின்றால் மண் நிற்கும்.

மழை முன்பு மாதிரி நின்று நிதானமாகப் பெய்வதில்லை என்று என் மாமனார் சொல்வார். அவர் எழுபது வருடம் பார்த்தவர்.

வேதியியல் மாணவி

ஒரு நாள் மழையை எடுத்து இது பருவநிலை மாற்றத்தால்தான் என்று சொல்லிவிட முடியாது அண்ணே. பொதுவான கணக்கு உண்டு. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் கிட்டத்தட்ட 7 சதவீதம் அதிகமாக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததைக் கொட்டும்போது கனமாகக் கொட்டும். பெரியவர் பார்த்ததும் இந்தக் கணக்கும் ஒத்துப்போகின்றன. கனத்த மழை வரும் என்று தெரிந்தால் வாய்க்கால் சுத்தமாக இருக்க வேண்டும். நம்மிடம் மழையும் கூடுகிறது, அடைப்பும் கூடுகிறது. அக்காவின் முதல் பதிவில் இருந்த கேள்விக்குப் பந்தல்குடி வாய்க்காலிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பைபாஸ்

இவ்வளவு கவலை எதற்கு? பிளாஸ்டிக்கைப் போட்டு ரோடு போடுகிற முறையை நம் தியாகராசர் பொறியியல் கல்லூரியில்தானே கண்டுபிடித்தார்கள். எல்லா பிளாஸ்டிக்கையும் ரோடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

மேலூர் வாத்தியார்

தம்பி, அது நம் ஊருக்குப் பெருமை, சந்தேகமில்லை. பேராசிரியர் வாசுதேவன் 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே முதல் சாலையைப் போட்டார், 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். பிளாஸ்டிக்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சூடாக்கிய ஜல்லி மேல் தூவுவார்கள். அது உருகிக் கல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படியும். அப்புறம் தார். தண்ணீர் இறங்காததால் சாலை உழைக்கும். ஆனால் அந்த ஜல்லிக்கு வேண்டியது காய்ந்த, சுத்தமான, பிரித்து எடுத்த பிளாஸ்டிக். பிவிசி கலக்கவே கூடாது, சூட்டில் குளோரின் கலந்த நச்சு வாயு வரும். சாம்பார் ஊறிய கவரையும் மோர்க் கப்பையும் சோற்றோடு கட்டிக் கொடுத்தால் யார் கழுவித் தருவது? பிரிப்பது வீட்டில் நடக்காமல் எந்தக் கண்டுபிடிப்பும் ஓடாது.

எங்கள் பள்ளியில் பசுமைப் படை வைத்திருக்கிறோம். முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு நாள் பேரணி, ஒரு மரக்கன்று, ஒரு புகைப்படம். எனக்கே அதில் திருப்தி இல்லை. போன வருடம் பிள்ளைகளிடம் ஒரு வாரக் குப்பையைக் கொட்டி எண்ணச் சொன்னேன். கையுறை போட்டு, மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, வகை வகையாகப் பிரித்தார்கள். ஐந்து ரூபாய்த் தின்பண்டக் கவர்தான் குவியலில் பெரியது. வெள்ளி மாதிரி மின்னுகிற அந்தக் கவரைக் காயலான் கடைக்காரர் தொடவில்லை. பல அடுக்கு ஒட்டியது, பிரிக்க முடியாது, விலை கிடையாது என்றார். அன்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள், “சார், வாங்குறதுக்கு ஆள் இல்லாத கவரை ஏன் செய்றாங்க?” நான் இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவன், எனக்குப் பதில் வரவில்லை. 2018-ல் தூத்துக்குடியில் பள்ளி மாணவிகள் இப்படிச் சேர்த்த உறைகளை அந்தந்த நிறுவனத்துக்கே அனுப்பி வைத்ததை அவளுக்குச் சொன்னேன். செய்தவனே திரும்ப எடுக்க வேண்டும் என்று இப்போது மத்திய அரசின் விதிகளிலும் இருக்கிறது என்றேன். சோடாக்கலர் தம்பி சொன்ன கேள்வியைத்தான் அந்தக் குழந்தையும் கேட்டாள்.

தூய்மைப் பணியாளர் மகள்

நான் இங்கே படிப்பது மட்டும்தான், எழுதியதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மா தூய்மைப் பணியாளர். அழகர் ஆற்றில் இறங்குகிற ராத்திரி எங்கள் வீட்டில் அம்மா இருக்க மாட்டார். எனக்கு ஏழு வயதிலிருந்து அப்படித்தான். ஊரெல்லாம் சாமி பார்த்துவிட்டுத் தூங்கப் போனதும் அவர்களுக்கு வேலை தொடங்கும். கப் லேசானது, விளக்குமாற்றில் நிற்காது, காற்றில் உருண்டு ஓடும். மணலில் பாதி புதைந்துவிட்டால் குனிந்து கையால்தான் எடுக்க வேண்டும். விடிகாலை வருகிறபோது அம்மாவால் முதுகை நிமிர்த்த முடியாது. கைவிரல் இடுக்கில் மோர்ப் புளிப்பு வாடை இரண்டு நாள் போகாது.

சாதாரண நாளிலும் இதுதான். எங்கள் அம்மா போகிற பேட்டரி வண்டியில் மக்குவதற்குத் தனி, மக்காததற்குத் தனி இடம் உண்டு. நூறு வீட்டில் இருபது வீடு பிரித்துக் கொடுத்தால் அதிகம். மீதி எல்லாம் ஒரே கவர், வாய் இறுக்கி முடிச்சுப் போட்டது. அதை அவிழ்ப்பது என் அம்மாவின் கை. உள்ளே உடைந்த கண்ணாடி இருக்கும், பிளேடு இருக்கும், பெண்கள் உபயோகித்த நாப்கின் பேப்பர் சுற்றாமல் இருக்கும். வலது கை ஆள்காட்டி விரலில் மூன்று தையல் போட்டிருக்கிறது.

பருவநிலை, மீத்தேன் எல்லாம் நானும் கல்லூரியில் படிக்கிறேன், அதன் முக்கியம் தெரியும். என்றாலும் பந்தல் போடுகிற அக்காவுக்கு நான் கேட்பது சின்ன விஷயம். உங்கள் பந்தலைச் சுற்றி ஐம்பது அடிக்குள் விழுவதை நீங்களே எடுத்து, இலையைத் தனியாக வைத்துவிடுங்கள். அன்று ராத்திரி அம்மா ஒரு மணி நேரம் முன்னால் வீட்டுக்கு வருவார்.

மண்டகப்படி

அம்மா, உன் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தோரு வருடத்தில் மோர் புளித்துவிட்டதா, உப்புச் சரியா என்றெல்லாம் கவலைப்பட்டிருக்கிறேன். கப்பை யார் எடுக்கிறார்கள் என்று நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. உன் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

மானாமதுரைக்காரன்

மதுரையில் ஆற்றில் விழுவது மதுரையோடு போவதில்லை. வைகை 258 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு, உங்களுக்குக் கீழே மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் பெரிய கண்மாய் என்று வரிசையாக நாங்கள் இருக்கிறோம். அணையைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் உங்கள் ஊர்க் கப்தான் எங்களுக்கு வந்து சேரும். எங்கள் மாடு ஒன்று வயிறு உப்பிச் செத்தது. அறுத்துப் பார்த்தபோது கவர் உருண்டையாகத் திரண்டு கிடந்தது.

டம்ளருக்கு என் யோசனை, எங்கள் ஊர் மண்குவளை. மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. மோர் அதில் குளுகுளு என்று இருக்கும், குயவர் வீட்டிலும் அடுப்பு எரியும்.

வேதியியல் மாணவி

மண்குவளை எனக்கும் பிடிக்கும் அண்ணே. நாலாயிரம் குவளையை ஒரு தடவை குடித்துவிட்டு எறிய என்றால் மட்டும் யோசிக்கிறேன். சூளையில் சுட விறகு வேண்டும், சுட்ட மண் திரும்ப வண்டல் ஆகாது. மோர் வைக்கிற பானையை உங்கள் ஊரிலிருந்து வாங்கலாமே. பத்துப் பெரிய பானை, வருடா வருடம் உபயோகிக்கலாம், ஐஸ் கட்டியும் வேண்டாம்.

பாத்திரக்கடைக்காரர்

கீழவெளி வீதிப் பக்கம் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

நாலாயிரம் பேருக்கு நாலாயிரம் டம்ளர் தேவையில்லை. ஒருவர் குடித்துவிட்டு வைக்க இரண்டு நிமிடம், கழுவித் திரும்ப வர ஐந்து நிமிடம். அறுநூறு எவர்சில்வர் டம்ளர் இருந்தால் தாராளமாகச் சுற்றும். கல்யாண வீட்டில் நாங்கள் கழுவுகிற முறையைச் சொல்கிறேன். மூன்று அகலமான தொட்டி. முதலில் புளித்தூளும் சோப்பும் போட்டுத் தேய்க்கிற தண்ணீர். இரண்டாவதில் அலசல். மூன்றாவதில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், கம்பிக் கூடையோடு முக்கி எடுக்க வேண்டும். முதல் தொட்டித் தண்ணீரை அரை மணிக்கு ஒரு தடவை மாற்றி, இரண்டாவதை முதலாவதற்குத் தள்ளினால் தண்ணீர் விரயம் இல்லை. வெந்நீரில் முக்கியதை ஜனங்கள் கண் முன்னால் எடுத்துக் கொடுங்கள், கொரோனாப் பயம் உள்ளவரும் வாங்குவார். மறைவில் கழுவினால்தான் சந்தேகம் வரும்.

டம்ளர் போய்விடும் என்று மண்டகப்படி அண்ணன் பயப்படுகிறார். போகும். எங்கள் அனுபவத்தில் பெரிய விசேஷத்தில் நூற்றுக்கு மூன்று போகும். பந்தலை ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறுகிற மாதிரிக் கயிறு கட்டி, வெளியேறுகிற வாயில் டம்ளர் போடுகிற கூடையோடு இரண்டு இளவட்டத்தை நிறுத்துங்கள். போனதற்கு நான் பணம் வாங்கவில்லை, அது என் பங்கு.

மண்டகப்படி

அறுநூறு போதும் என்றால் எனக்குச் சம்மதம். சாமி நெருங்குகிற அந்தக் கடைசி அரை மணி நேரத்துக்கு மட்டும் டம்ளர் வேண்டாம். என்னிடம் பழைய செம்பு பதினைந்து இருக்கிறது, புளி போட்டுத் துலக்கித் தருகிறேன். ஆட்கள் வரிசையாக நின்று மொண்டு ஊற்றட்டும், ஜனம் கை குவித்துக் குடித்துவிட்டு நகரட்டும். அதைவிட வேகமானது எதுவும் கிடையாது.

தல்லாகுளத்துப் பெண்

அம்மாவின் குழுக் கூட்டம் நேற்று முடிந்தது. பதினாலு பேரில் பதினொரு பேர் கழுவுகிற தொட்டிக்கு வருகிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். புளியோதரைக்கு மந்தாரை இலைத் தட்டு, ஈர்க்குச்சியால் தைத்தது. சாப்பிட்ட இலையும் எலுமிச்சைத் தோலும் தனிச் சாக்கில். காதக்கிணறு பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற சித்தப்பா அதை எடுத்துக்கொண்டு போய்க் குழியில் சாணியோடு அடுக்கிக் கிளறி விடுவார், காற்றோட்டமாக மக்கும். பானை பத்துக்கு மானாமதுரை அண்ணனிடம் தனியாகப் பேசுகிறேன். தங்கச்சி, ஐம்பது அடி என்றாய், நாங்கள் நூறு அடிக்குப் பொறுப்பு.

பக்கத்துத் தெருப் பந்தல்காரர்கள் இரண்டு பேர் இந்த இழையைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் டம்ளர் வேண்டுமாம். பாத்திரக்கடை அண்ணே, அறுநூறுக்குப் பதில் ஆயிரத்து எண்ணூறு கிடைக்குமா?

பாத்திரக்கடைக்காரர்

என்னிடம் ஆயிரத்து இருநூறு இருக்கிறது. மீதியைச் சிம்மக்கல் கடையில் சொல்லி வைக்கிறேன். மாசி முடிவதற்குள் முன்பணம் கட்டிவிடுங்கள், பங்குனி முகூர்த்தம் தொடங்கினால் ஒரு டம்ளர் மிஞ்சாது.